வரிபாக்கி விழுந்த சொத்தை வாங்கி முதலீடு செய்யலாமா?

கேள்வி கேட்டவர் மதுரை ஆனையூர்ப் பக்கம் குடியிருக்கிறார். அவர் தெருவில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக் கதவில் மாநகராட்சி சொத்துவரி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். பாக்கி ஒன்றேகால் லட்சம் சொச்சம். "அந்தப் பணத்தை நான் கட்டினால் வீடு என் பேருக்கு வருமா? அமெரிக்காவில் இப்படித்தான் வாங்கிச் சம்பாதிக்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்தேன். கையில் 25 லட்சம் இருக்கிறது, இதையே தொழிலாகச் செய்யலாமா?" என்று கேட்கிறார். வீட்டைச் சாக்காக வைத்து அவர் உண்மையில் கேட்பது, ஒருத்தர் வரி கட்டாமல் விட்டால் அவர் சொத்தை மலிவாகப் பிடிக்க அடுத்தவருக்கு வழி பிறக்குமா என்பதைத்தான். நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலூர், உசிலம்பட்டி, மதுரை வடக்கு தாலுகாக்களில் வசூல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இப்போது தெரிந்தவர்களுக்குப் பத்திரம் பார்த்துச் சொல்கிறேன். வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: வராது. அடுத்தவர் வீட்டு வரியை யார் வேண்டுமானாலும் கட்டலாம். வரிவிதிப்பு எண் தெரிந்தால் இணையத்திலேயே கட்டிவிடலாம். ரசீது வரும், வீடு வராது. சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைக்கு ஆதாரம் ஆகாது, பட்டாகூடத் தன்னளவில் உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. "12 வருடம் தொடர்ந்து வரி கட்டினால் அனுபவ பாத்தியம் வந்துவிடும்" என்று டீக்கடையில் சட்டம் பேசுகிறவர்கள் உண்டு. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, விடாமல் சுவாதீனத்தில் இருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று வரி கட்டுவது சுவாதீனம் ஆகாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லாத வீட்டுக்கு வரி கட்டி, வரிப்பதிவில் பெயரை மாற்றி, அதைக் காட்டி மின் இணைப்பை மாற்றி, கடைசியில் ஒரு போலிப் பத்திரத்தைப் போடுவது நில அபகரிப்புக் கும்பல்கள் பழக்கிவைத்திருக்கிற பாதை. நீங்கள் நல்ல எண்ணத்தோடு கட்டினாலும், பின்னால் போலீஸ் கோப்பில் உங்கள் ரசீதும் அதே வரிசையில்தான் இருக்கும்.

யூடியூபில் பார்த்தது பொய்யில்லை, அது வேறு ஊர்ச் சட்டம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் சொத்துவரி பாக்கியை உள்ளூர் நிர்வாகம் முதலீட்டாளருக்கு ஏலத்தில் விற்றுவிடுகிறது. ஃப்ளோரிடாவில் ஏலம் 18% வட்டியில் தொடங்கிக் கீழே இறங்கும். யார் குறைந்த வட்டிக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்கு, அந்தப் பாக்கியை வட்டியோடு வாங்கிக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ். அரிசோனாவில் உச்சவரம்பு 16%. வீட்டுக்காரர் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு வட்டி மட்டும்தான்; பெரும்பாலும் அப்படித்தான் முடியும். டெக்சாஸில் வீட்டையே விற்றுவிடுவார்கள், ஆனால் குடியிருந்த வீடாக இருந்தால் பழைய சொந்தக்காரர் இரண்டு வருடத்துக்குள் கூடுதல் தொகை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அங்கேயும் இது தர்ம நியாயமான வியாபாரமா என்ற சண்டை ஓயவில்லை. மின்னசோட்டாவில் 94 வயது மூதாட்டி ஒருவரின் குடியிருப்பை, வட்டியும் அபராதமுமாகச் சுமார் 15,000 டாலர் ஆகிவிட்ட பாக்கிக்காக 40,000 டாலருக்கு விற்று மிச்சத்தையும் உள்ளூர் நிர்வாகமே வைத்துக்கொண்டது. அது செல்லாது என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சான்றிதழ் வியாபாரத்துக்கு இணையான ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. உங்கள் பாக்கியை அரசு என்னிடம் விற்காது.

அப்படியானால் மாநகராட்சி என்னதான் செய்யும்? சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5% தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். இழுத்தடித்தால் மாதம் 1% தண்டவட்டி. சட்டப்படி ஜப்தி அதிகாரம் இருக்கிறது. நடைமுறையில் நோட்டீஸ், குடிநீர் இணைப்புத் துண்டிப்பு, பாதாளச் சாக்கடை இணைப்பை அடைப்பது, கடை கண்ணி என்றால் சீல் வைப்பது என்ற அளவில் நிற்கும். சொத்துவரி பாக்கிக்காக ஒரு குடியிருப்பு வீட்டை மாநகராட்சி ஏலம் விட்டு, வெளியாள் ஒருவர் எடுத்து, நிம்மதியாகக் குடிபோனதை நான் மதுரையில் பார்த்ததில்லை. சட்டத்தில் இடமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நடக்காத ஒன்றை நம்பித் தொழில் தொடங்க முடியாது.

நிலவரியின் கதை வேறு. ஏக்கருக்குக் கிஸ்தி இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. அதற்காக யார் நிலமும் ஏலத்துக்கு வருவதில்லை. ஆனால் 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விற்பனை வரி, ஆயத்தீர்வை, இன்னும் பல அரசுப் பாக்கிகளை "நிலவரி பாக்கி போல" வசூலிக்கலாம் என்று அந்தந்தச் சட்டங்கள் சொல்வதால், கோப்பு கடைசியில் தாசில்தார் மேசைக்கு வரும். படிவம் 4-இல் கேட்பு அறிவிப்பு, படிவம் 5-இல் ஜப்தி, பிறகு 7, 7ஏ-வில் ஏல அறிவிப்பு. அந்த அறிவிப்பை ஏலத்துக்கு ஒரு மாதம் முன்னதாக ஆட்சியர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் பக்கத்துக் காவல் நிலையத்திலும் நிலத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலும் ஒட்ட வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் பாக்கிக்காரரின் வக்கீலுக்கு அதுவே போதும்.

ஏலம் நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் புரியும். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் விற்பனை வரி பாக்கிக்காக ஒரு தோட்டத்தை ஏலம் போட்டோம். கிணறு, மோட்டார் ரூம், வரப்பு ஓரமெல்லாம் தென்னை; நல்ல சொத்து. சாவடியில் மேசை போட்டு, தலையாரி மூன்று முறை கூவினார். ஊரே நின்றது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாக்கிக்காரரின் மைத்துனர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், எங்களுக்கும் சேர்த்துத்தான். மதுரையிலிருந்து காரில் வந்த ஒருவர் இறங்கி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். டீயை மட்டும் குடித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். புத்திசாலி. அந்தத் தோட்டத்துக்குப் பாதை மைத்துனர் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. கேட்பார் இல்லாமல் போனால் அரசே பெயரளவு விலைக்கு எடுத்துக்கொள்ள வழி உண்டு. கிராம நிலப் பதிவேடான 'ஏ' பதிவேட்டில் "பாட் இன் லேண்ட்" (ஏலத்தில் அரசே எடுத்த நிலம்) என்று எழுதிக் கிடக்கும் பழைய நிலங்களில் பல அப்படி வந்தவைதான்.

சரி, நீங்கள் துணிந்து கேட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏலம் 20 லட்சத்துக்கு உங்கள் பேரில் முடிகிறது. அந்த இடத்திலேயே 15%, அதாவது 3 லட்சம் கட்ட வேண்டும். மீதி 17 லட்சம் 30 நாளுக்குள். கட்டத் தவறினால் முன்பணம் போகும், மறு ஏலத்தில் விலை இறங்கினால் அந்த நட்டமும் உங்கள் தலையில் விழும். அதே 30 நாளுக்குள் பாக்கிக்காரரோ அந்த நிலத்தில் பாத்தியம் உள்ள வேறொருவரோ வந்து, பாக்கி, வட்டி, செலவு ஆகியவற்றோடு ஏலத்தொகையில் 5% சேர்த்துக் கட்டினால் ஏலம் ரத்து. அந்த 5%, ஒரு லட்சம் ரூபாய், உங்களுக்கு வரும். அமெரிக்க வியாபாரத்துக்கு நம் சட்டத்தில் தூரத்துச் சொந்தம் என்று எதையாவது காட்டச் சொன்னால் இந்த 5%-ஐத்தான் காட்டுவேன். "மாதத்துக்கு 5 வட்டியா!" என்று கணக்குப் போடாதீர்கள். வருடத்துக்கு எத்தனை ஏலம் வரும், அதில் எத்தனை மீட்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. மீட்காமல் விட்டாலும், அதே 30 நாளுக்குள் ஏலத்தில் முறைகேடு என்று அவர்கள் மனுப்போட்டு ரத்துக் கேட்கலாம். அதுவும் தள்ளுபடியானால் ஒத்தக்கடை ரோட்டில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது, ரிட் போடுவார்கள். ஏலம் உறுதியாகும்வரை உங்கள் பணம் கருவூலத்தில் வட்டியில்லாமல் தூங்கும்.

1864 வசூல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஏலத்தில் விற்ற நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் வாங்குகிறவருக்குப் போகும் என்று சொல்கிறது. ஏலத் தரகர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அந்த நிலத்தின் மேலேயே விழுந்த நிலவரிக்காக விற்றால் அது சரி. வேறு பாக்கிக்காக இந்தச் சட்டத்தைக் கடன் வாங்கி விற்கும்போது அதே பாதுகாப்பு கிடைக்காது என்றுதான் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பார்த்துவந்திருக்கின்றன. அப்போது பாக்கிக்காரருக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை இருந்ததோ அதுதான் உங்களுக்கு வரும். அவர் முன்பே வங்கியில் அடமானம் வைத்திருந்தால் அடமானமும் கூடவே வரும். இன்றைக்கு வருகிற ஏலங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாவது ரகம்.

வருமான வரித்துறையின் வசூல் அதிகாரி விடும் ஏலமும் இதே சாயல்தான். 1961 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி 25% உடனே, மீதி 15 நாளுக்குள், 30 நாளுக்குள் 5% சேர்த்துக் கட்டி மீட்கும் உரிமை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமல் என்பதால், எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் அதில் எந்தச் சட்டத்தின் எந்த விதி என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். ஜிஎஸ்டி பாக்கிக்கும் ஏலம் உண்டு. இவற்றில் வருவது பெரும்பாலும் மில், குடோன், வணிகக் கட்டடம். 25 லட்சத்துக்கு அடங்காது.

இப்போது நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கு வருடக்கணக்கில் வரி கட்டவில்லை என்றால், பணமில்லாமல் விட்டது அரிது. லட்சக்கணக்கில் மதிப்புள்ள வீட்டுக்காரர் சில ஆயிரம் ரூபாய் வரியை ஏன் விடுகிறார்? அண்ணன் தம்பி நாலு பேர், "நீ கட்டு, நான் ஏன் கட்டணும்" என்று நிற்கிறார்கள். அப்பா உயில் எழுதியதாக ஒருவர் சொல்கிறார், அக்காமார்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வாரிசு ஒருவர் மலேசியாவில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியவில்லை. அல்லது இடமே வில்லங்கமானது. மதுரையைச் சுற்றிக் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. கண்மாய் உள்வாயில் வீடு கட்டி, மாநகராட்சி வரி போட்டு, மின்சாரமும் கொடுத்து, ஒருநாள் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும். நீர்நிலை விஷயத்தில் மதுரைக் கிளை இரக்கம் பார்ப்பதில்லை. கோயில் நிலத்தில் மனைக்கு மட்டும் வாடகை கட்டி வீடு எழுப்பியவர்கள் உண்டு. அங்கே வீட்டை விற்கலாம், மண்ணை விற்க முடியாது. கிராமப் பக்கம் போனால் பட்டியல் இனத்தாருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், விற்கக் கட்டுப்பாடு உள்ள நிபந்தனைப் பட்டா. அந்த நிபந்தனையை மீறி வாங்கினால் ஏலம் எடுத்தாலும் கிரயம் செய்தாலும் நிற்காது. இவையெல்லாம் இருக்கிற இடத்தில் வரிபாக்கி என்பது காய்ச்சல் மாதிரி; வியாதி வேறெங்கோ இருக்கும். பாக்கி எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ஏன் விட்டார்கள் என்று பாருங்கள்.

காரணம் சாதாரணமாக இருந்தால் வழி இருக்கிறது. வயதானவர்கள் இறந்துவிட்டார்கள், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ செட்டில் ஆகிவிட்டார்கள், வந்து பார்க்க நேரமில்லை, சண்டையும் இல்லை. இந்த வகையில் நேராக உரிமையாளரிடம் கிரயம் பேசி வாங்குவதுதான் நம் ஊரில் வரிபாக்கி சொத்தை வாங்குவதற்கான நேர்வழி. உங்கள் தெரு வீட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். மண்டல அலுவலகத்தில் வரிவிதிப்பு யார் பெயரில் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள். சார்பதிவகத்தில் குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று போடுங்கள். மூலப்பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா. வாரிசுச் சான்றில் இருக்கிற ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும், கல்யாணமாகிப் போன பெண்கள் உட்பட. வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்தால், அந்த பவர் முறையாகச் சான்றளிக்கப்பட்டு இங்கே முத்திரையிடப்பட்டதா என்று பாருங்கள், அவரோடு வீடியோவில் ஒரு வார்த்தை பேசுங்கள். "ஒரு தங்கச்சி மட்டும் பாக்கி, அது பிறகு போட்டுக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வரி, குடிநீர், மின்சாரம் எல்லாப் பாக்கியையும் விலையில் கழித்து, நீங்களே உங்கள் கையால் கட்டி, ரசீதை வைத்துக்கொண்டு கிரயம் முடியுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதால் வரித்துறை ஜப்தி இல்லை என்று எண்ண வேண்டாம். துறை சார்பதிவாளருக்கு எழுதிப் பதிவாகியிருந்தால்தான் அதில் தெரியும். விற்பவர் வியாபாரியாக இருந்தால், வருமான வரி நிலுவை இருக்கும்போது சொத்தை மாற்றினால் அது துறைக்கு எதிராகச் செல்லாமல் போகலாம் என்பது 1961 வருமான வரிச் சட்டத்தின் 281-ஆம் பிரிவு. நியாயமான விலை கொடுத்து, நிலுவை தெரியாமல் வாங்கியவருக்கு அதில் பாதுகாப்பும் உண்டு. ஆகவே கிரயத் தொகையைக் குறைத்துக் காட்டுவது முத்திரைத்தீர்வை மிச்சம் என்று நினைத்துச் செய்தால், அந்தப் பாதுகாப்பை நீங்களே கிழித்துப் போட்டதாகும். உள்ளூர் விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். 2025-இல் மதுரை மாநகராட்சியில் பெரிய கட்டடங்களுக்கு வரியை முறைகேடாகக் குறைத்த விவகாரம் வெளியே வந்து கைது வரை போனது நினைவிருக்கும். வாங்கப்போகும் கட்டடம் எத்தனை சதுர அடி, வரிப்பதிவில் எத்தனை சதுர அடி, குடியிருப்பா வணிகமா என்று டேப் பிடித்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மறுமதிப்பீட்டுத் தொகை நாளைக்கு உங்களிடம்தான் வரும். மாசி வீதிகளுக்குள் பழைய வீடு பார்த்தால், மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டருக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டையும், கீழே தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர் காலி செய்வாரா என்பதையும் சேர்த்து விலை போடுங்கள்.

ஏலம்தான் வேண்டும் என்றால் வங்கி ஏலம் இருக்கிறது. வரி ஏலத்தைவிட எண்ணிக்கையும் அதிகம், விதிகளும் தெளிவு. வாராக்கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி வழக்கமாக 10% முன்வைப்புத் தொகை, ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ மொத்தம் 25%, உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி. கடன் வாங்கியவர் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியானதோடு முடிகிறது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு. ஆனாலும் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி அவருக்கு உண்டு. அந்தத் தீர்ப்பாயம் மதுரையிலேயே இருக்கிறது. விளம்பரத்தில் "சிம்பாலிக் பொசஷன்" என்று இருந்தால் வங்கி காகிதத்தில் மட்டும்தான் சுவாதீனம் எடுத்திருக்கிறது, வீட்டுக்குள் பெரும்பாலும் ஆள் இருக்கும். "உள்ளது உள்ளபடி" என்ற வரி எல்லா அறிவிப்பிலும் இருக்கும். பழைய பாக்கி எல்லாம் உங்களைச் சேர்ந்தது என்று வங்கி அந்த வரியைக் காட்டிச் சொல்லும்.

இந்தப் பழைய பாக்கி விஷயத்தில் சட்டம் ஒரே குரலில் பேசவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் ஏலத்தில் வாங்கியவரிடம் பழைய சொத்துவரியைக் கேட்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. மின்கட்டண பாக்கியை, விதிகளில் இடமிருந்தால், புது உரிமையாளரிடம் கேட்கலாம் என்று 2023-இல் இன்னொரு வழக்கில் சொன்னது. வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம். ஆனால் பெயர் மாற்றம், குடிநீர், மின் இணைப்பு மூன்றும் நிற்கும்போது எவரும் வழக்குப் போடுவதில்லை, கட்டிவிடுகிறார்கள். நீங்களும் கட்ட வேண்டிவரும் என்றே கணக்கில் எழுதுங்கள்.

25 லட்சத்தில் முழுவதையும் ஏல விலைக்கு ஒதுக்காதீர்கள். கிரயம் என்றால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, அதுவும் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல். அதற்கு மேல் பழைய பாக்கிகள், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மராமத்து, வக்கீல் செலவு. 18 லட்சத்துக்கு மேல் விலை பேசினால் மூச்சு முட்டும். வங்கி ஏலத்தில் இன்னொரு சிக்கல்: மீதி 75%-க்கு வீட்டுக்கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்கி, 15 நாளுக்குள் கடன் வராமல் 25%-ஐ இழந்தவர்கள் இருக்கிறார்கள். கடனுக்கான ஒப்புதலைக் கையில் வாங்கிய பிறகு ஏலத்தில் உட்காருங்கள்.

அமெரிக்கச் சான்றிதழையே இங்கிருந்து வாங்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். ரிசர்வ் வங்கித் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை வெளியே அனுப்பலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும், வரிக்கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். அதற்கு மேல் அந்த நாட்டு விஷயத்தில் நான் வாய் வைப்பது சரியில்லை. ஆளை அனுப்பி இடத்தைப் பார்க்க முடியாத சொத்தின் மேல் நான் பணம் போடமாட்டேன், அது உசிலம்பட்டியில் இருந்தாலும்.